நம்ம வேலூர் ஃபுட்பால் கிளப்: எல்லாரும் கேக்குற கேள்விங்க, எனக்குத் தெரிஞ்ச பதிலுங்க

மே லீவு வந்தா போதும், பத்து பதினஞ்சு புது பசங்க வராங்க, பின்னாடியே அவங்க அப்பா அம்மா வராங்க, எல்லாரும் அதே கேள்விய கேக்கறாங்க, நானும் கோல் போஸ்ட்ட புடிச்சினு நின்னு அதே பதில சொல்லினு இருக்கேன். அதான் ஒருவாட்டி உக்காந்து எழுதிட்டேன். நான் முன்ன லெஃப்ட் பேக் ஆடினு இருந்தேன், முட்டி போனதுக்கு அப்புறம் கணக்கு நோட்ட கையில குடுத்து ஓரமா குந்த வெச்சுட்டாங்க. எதுனா தப்பா எழுதியிருந்தா கிரவுண்டுக்கு வந்து நேர்ல திட்டுங்க.

கிளப் எந்த வருஷம் ஆரம்பிச்சது?

எங்க பெரியவங்க இந்த ஒரு கேள்விக்காக டீக்கடையில சட்டைய புடிச்சிக்கிட்டு இருக்காங்க. ஒரு பழைய குரூப் ஃபோட்டோ இருக்கு, பதினோரு பேரு, கைய கட்டினு ரெண்டு வரிசை, முன்னாடி நடுவுல இருக்கறவர் கால்கிட்ட லேஸ் போட்ட லெதர் பந்து. அந்தக் காலத்துல டீம் ஃபோட்டோ எடுத்தா பந்து மேல சாக்பீஸ்ல வருஷத்த எழுதி வெப்பாங்க, இதுலயும் எழுதியிருக்கு, ஆனா பாருங்க, கரெக்டா கடைசி ரெண்டு நம்பர் இருக்கற எடத்துல செல்லரிச்சு போச்சு. பத்தொம்போதுன்னு மட்டும் தெரியுது. அதுக்கு அப்புறம் ஆளாளுக்கு ஒரு வருஷம், எல்லாருக்கும் அவங்கவங்க கல்யாணம் ஆன வருஷம் இல்ல பொறந்த வருஷம்தான் கிளப் ஆரம்பிச்ச வருஷம்.

நான் ரப்பர் ஸ்டாம்ப்பதான் நம்புவேன். எங்க ஸ்டாம்ப்ல "வட ஆற்காடு மாவட்டம்"னு இருக்கு. மாவட்டத்த ரெண்டா பிரிச்சது 1989ல. அப்ப அதுக்கு முன்னாடியே நாம இருக்கோம், எனக்கு அது போதும்.

இன்னுமா அந்த ஸ்டாம்ப்ப வெச்சுனு இருக்கீங்க?

ஆமா. எத்தன வாட்டி மாத்தறது சொல்லுங்க. வட ஆற்காட்டுக்கு 1911 வரைக்கும் தலைநகரமே சித்தூர், அதுக்கு அப்புறந்தான் வேலூர். 1989ல திருவண்ணாமலை சம்புவராயர் தனியா போச்சு, நாம வட ஆற்காடு அம்பேத்கர் ஆனோம், கொஞ்ச வருஷத்துல அதுவும் போயி வேலூர் மாவட்டம்னு ஆச்சு, 2019ல அதையும் மூணா பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி. வாலாஜால இருந்து பஸ் ஏறி வந்து ஆடினு இருந்த எங்க ரைட் ஹாஃபு, வாணியம்பாடி ஸ்டாப்பர் பையன், ரெண்டு பேரும் ஒரே ராத்திரியில வெளி மாவட்டத்துக்காரங்க ஆயிட்டாங்க. அவங்க எங்கயும் போகல, அதே வீடு, அதே பஸ்ஸு, ஏறுற நேரம் கூட மாறல.

ஒரு டோர்னமெண்ட்ல (எதுன்னு சொல்ல மாட்டேன், அங்க இன்னும் நமக்கு என்ட்ரி வேணும்) ஃபார்ம்ல இந்த ஸ்டாம்ப்ப பாத்துட்டு "இப்டி ஒரு மாவட்டமே இல்லியே"ன்னு திருப்பி குடுத்துட்டாங்க. எங்க செக்ரட்டரி அண்ணன் அசரல, ஃபார்ம்ம வாங்கி ஸ்டாம்ப்புக்கு பக்கத்துலயே பேனாவுல "தற்போது வேலூர்"னு எழுதி நீட்டினாரு. வாங்கிக்கினாங்க. மொத ரவுண்டுலயே தோத்துட்டு வந்தோம், அது வேற கதை.

நம்ம ஊருக்கு ஃபுட்பால் எப்படி வந்துச்சு?

போன வருஷம் ஒரு ஆறாங்கிளாஸ் பையன் கேட்டான், "அண்ணா, 1806ல கோட்டையில சிப்பாய்ங்க புரட்சி பண்ணாங்களே, அவங்க ஃபுட்பால் ஆடுவாங்களா?"ன்னு. நல்ல கேள்விதான். ஆனா அப்போ இந்த ஆட்டத்துக்கு ரூலே எழுதல தம்பி. உலகத்துலயே பழைய கிளப்புன்னு சொல்ற இங்கிலாந்து ஷெஃபீல்டு கிளப்பே 1857ல ஆரம்பிச்சது, லண்டன்ல உக்காந்து ரூல் எழுதினது 1863ல.

இந்தியாவுக்குள்ள இந்த ஆட்டம் பரவினது மூணு வழியில, ராணுவம், மிஷன் ஸ்கூல், ரயில்வே. நம்ம பக்கத்துல மூணும் இருக்கு பாருங்க. கோட்டையில வெள்ளக்கார பட்டாளம், ஊரிசு காலேஜ் 1898ல, ரயில் அதுக்கெல்லாம் முன்னாடியே. தென்னிந்தியாவுலயே மொத ரயிலு 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடுச்சு, நம்ம பசங்க பாதி பேருக்கு இது தெரியாது, சொன்னா "சும்மா விடாதீங்கண்ணா"ன்னு சொல்றானுங்க. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, எல்லாமே ஜங்ஷனு. நம்ம பழைய பிளேயருங்க லிஸ்ட்ட எடுத்து பாத்தா மிலிட்டரியில இருந்து லீவுல வந்தவரு, ரயில்வேல கலாசி, வாத்தியாரு, அதுக்கு அப்புறம் தோல் ஷாப்புல வேல பாத்தவரு. வேற யாரும் ரொம்ப கிடையாது.

பெரியவங்க எல்லாம் வெறுங்கால்லதான் ஆடினாங்களாமே, உண்மையா?

உண்மை. கணுக்கால்ல மட்டும் துணி சுத்திக்கினு ஆடியிருக்காங்க. இது ஏதோ நம்ம ஊரு வறுமைன்னு நினைக்காதீங்க, நாடே அப்டித்தான் ஆடுச்சு. 1911ல கல்கத்தா கிளப்பு மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷையர் பட்டாளத்து டீம 2-1ல அடிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டுங்கற கப்ப வாங்கினப்போ பதினோரு பேருல ஒருத்தர் மட்டும்தான் பூட்ஸு. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல இந்தியா முக்கால்வாசி பேரு வெறுங்கால்லதான் ஃபிரான்ஸ் கூட ஆடி 2-1ல தோத்தாங்க, அதுலயும் ரெண்டு பெனால்டிய விட்டுட்டு. நம்ம பக்கம் கோல் அடிச்சவரு சாரங்கபாணி ராமன், பேர கேட்டாலே நம்ம தெக்கத்தி ஆளுன்னு தெரியுதுல்ல.

அப்புறம் அந்த 1950 வேர்ல்ட் கப் கதை. "பூட்ஸு இல்லன்னு இந்தியாவ தொரத்திட்டாங்க"ன்னு டீக்கடையில இன்னிக்கும் சொல்வாங்க, நானும் ரொம்ப நாள் நம்பினேன். அப்டி இல்ல. பிரேசில்காரங்க செலவுல பெரும்பங்க தரேன்னு சொல்லியும் நாமதான் போகல. டீம் செலக்‌ஷன்ல தகராறு, பிராக்டிஸுக்கு டைம் பத்தலன்னு காரணம் சொன்னாங்க, அப்போ நம்ம ஃபுட்பால் ஃபெடரேஷன்காரங்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெருசு. பூட்ஸு கட்டாயம்னு ஆனது 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம். அந்தக் குளிருல யுகோஸ்லாவியா கிட்ட 10-1. பத்து!

எங்க பழைய கோச்சு பூட்ஸு வந்தப்புறமும் பிராக்டிஸுல கழட்டி வெச்சிடுவாரு. கிரவுண்டுல எந்த எடத்துல நெருஞ்சி முள்ளு, எந்த எடத்துல சரளை, எந்த எடத்துல மழ பேஞ்சா வழுக்கும், எல்லாம் காலுக்கே தெரியணும்பாரு. இப்ப அப்டி ஆட வாணாம், எல்லாரும் பூட்ஸோ கேன்வாஸோ போட்டுனு வாங்க. வேலிகாத்தான் முள்ளு ஏறி ஒரு பையன் பதினஞ்சு நாள் நொண்டினான், அவங்க அம்மா என்னைத்தான் புடிச்சாங்க.

ஆபீஸ் ரூம்ல கண்ணாடி பொட்டியில ஒரு பம்ப் இருக்கே, அது என்ன?

மொதல்ல அது ஆபீஸ் ரூம் இல்ல, ஒரு சைக்கிள் கடையோட பின்பக்கம். கண்ணாடி பொட்டியும் இல்ல, பழைய மிட்டாய் கடை பொட்டி.

அந்த பம்ப்பு பித்தளை. கைப்பிடி மரம், அதுல கட்டவிரல் வெக்கற எடம் மட்டும் குழிஞ்சு வழவழன்னு இருக்கும். உள்ள தோல் வாஷரு, அது காஞ்சு போச்சுன்னா காத்து புடிக்காது, அதனால மாசத்துக்கு ஒருவாட்டி கழட்டி தேங்கா எண்ண விடணும். இத முப்பது வருஷத்துக்கு மேல பாத்துக்கினவரு எங்க பழைய கோல் கீப்பரு, எல்லாருக்கும் பெரியப்பா. கீப்பரா அவரு சுமாருதான், ஒத்துக்கணும், உசரமும் கம்மி. 1992ல பேக் பாஸ, அதாவது சொந்த டீம் ஆளே காலால கீப்பருக்கு திருப்பி தட்டற பந்த, கையில புடிக்கக் கூடாதுன்னு ரூல் வந்ததுக்கு அப்புறம் அவருக்கு இந்த ஆட்டமே புடிக்காம போச்சு, "கீப்பர் கையால புடிக்கக் கூடாதுன்னா அவன எதுக்குடா நிக்க வெச்சினு இருக்கீங்க"ன்னு கேப்பாரு. ஆனா பந்துக்கு காத்து அடிக்கறதுல அவர மிஞ்ச ஆள் கிடையாது.

ஊசிய அப்டியே குத்த மாட்டாரு, நாக்குல ஒருவாட்டி தொட்டு ஈரம் பண்ணிட்டுத்தான் வால்வுல எறக்குவாரு. காஞ்ச ஊசிய குத்தினா வால்வு ரப்பர் கிழிஞ்சிடும், பந்து அன்னியோட காலி. (நீங்க தண்ணியில தொட்டுக்குங்க, நாக்கு வாணாம்.) அப்புறம் எண்ணி எண்ணி அடிப்பாரு, நடுவுல நிறுத்தி பந்த ரெண்டு கட்டவிரலாலயும் அமுத்தி பாப்பாரு, காதுக்கிட்ட வெச்சு தட்டி சத்தம் கேப்பாரு, தர்பூசணி வாங்கற மாதிரி. ரூல் புக்குல பந்தோட அழுத்தம் 0.6ல இருந்து 1.1 அட்மாஸ்பியர், எடை 410ல இருந்து 450 கிராம், சுத்தளவு 68ல இருந்து 70 சென்டிமீட்டர்னு இருக்கு. ஒருவாட்டி ஒரு காலேஜ் பையன் கேஜ் கொண்டாந்து பெரியப்பா அடிச்ச பந்த செக் பண்ணான், கரெக்டா உள்ளதான் நின்னுச்சு. பெரியப்பா கேஜ வாங்கி பாத்துட்டு "இது பரவால்லியே, கரெக்டா காட்டுதே"ன்னாரு.

அவரு போனப்போ நாங்க எல்லாரும் ஜெர்சியோட போய் நின்னோம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வெளிய வரும்போது பெரிம்மா உள்ள போய் ஒரு பழைய வேட்டி துண்டுல சுத்தி எதையோ கொண்டாந்து குடுத்தாங்க. பம்ப்பு. கூடவே ஒரு சின்ன தைல பாட்டில்ல தேங்கா எண்ண, பாதி இருந்துச்சு. "மாசம் பொறந்தா விடணுமாம்பா"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதனால அது ஷோவுக்கு வெச்சது இல்ல. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி எடுத்து எண்ண விடறோம், ஃபைனல் மேட்ச் பந்துக்கு அதுலதான் அடிக்கறோம். மத்த நாளுக்கு பிளாஸ்டிக் பம்ப்பு.

பந்து எங்க வாங்கறீங்க? தோல் ஊராச்சே, இங்கயே கிடைக்குமே?

எல்லாரும் இத கேப்பாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு சுத்தி தோல் பதனிடற ஊரு, ஆம்பூர்ல தெச்ச ஷூ வெளிநாட்டுக்கே போவுது, ஆனா பந்து ஜலந்தர்ல இருந்தும் மீரட்ல இருந்தும்தான் வருது. இப்ப வர பந்துல தோலே கிடையாதுங்க, எல்லாம் சிந்தெடிக். வேர்ல்ட் கப்லயே 1986ல இருந்து முழுசா சிந்தெடிக்தான். தோல் பந்து மழையில நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், லேஸ் இருக்கற பக்கம் பட்டு ஹெட் பண்ணவன் நெத்தி கிழியும். எங்க சித்தப்பா ஒருத்தர் நெத்தியில அந்த தழும்ப இன்னும் தடவி காமிப்பாரு.

32 துண்டு தெச்ச பந்துதான் எங்களுக்கு கட்டுப்படியாவுது, 20 அறுகோணம், 12 ஐங்கோணம். நூல் விட்டுச்சுன்னா தூக்கி போட மாட்டோம், செருப்பு தெக்கற அண்ணன்கிட்ட குடுத்தா ஒரு தையல் போட்டு குடுப்பாரு. அவரும் நம்ம கிளப்பு மெம்பருதான், சந்தா வாங்கறது இல்ல.

சந்தா எவ்ளோ?

வேலைக்கு போறவங்க மாசம் 100. படிக்கறவங்க 30. முடியாதவங்க என்கிட்ட தனியா சொன்னா போதும், நோட்டுல உங்க பேருக்கு நேரா டிக் இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க.

ஆயுத பூஜைக்கு கண்டிப்பா வரணுமா?

கண்டிப்பு இல்ல, ஆனா பொரி தீந்துடும். சாயங்காலம் எல்லா பந்தையும் கழுவி வரிசையா வெப்போம், பம்ப்பு, ஊசி, விசிலு, நெட்டு, ஃபர்ஸ்ட் எய்டு பொட்டி, கோல் கீப்பர் கிளவுஸு, கோடு போடற டின்னு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பூசணிக்காய ரோட்டு ஓரமாத்தான் ஒடைக்கணும், ஒருவாட்டி கோல் ஏரியா கிட்ட ஒடைச்சு மறுநாள் கீப்பர் வழுக்கி விழுந்தான்.

இன்னொன்னு, பந்து மேல பொட்டு சின்னதா வெக்க சொல்லி தலையால அடிச்சுக்கறேன். ஒரு வருஷம் எவனோ கையளவு அப்பி வெச்சான், யாரும் தொடைக்கல, மறுநாள் காலையில கார்னர் பிராக்டிஸு. ஹெட் பண்ணவன் எல்லாம் நெத்தி நெறைய குங்குமத்தோட நிக்கறான், அதுல ரெண்டு பேரு நம்ம பாய் வீட்டு பசங்க. அப்டியே வீட்டுக்கு போயிட்டானுங்க. அவங்க அம்மா வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "கோலாச்சும் போட்டியாடா"ன்னு கேட்டாங்களாம்.

ரம்ஜான் மாசத்துல பிராக்டிஸ் உண்டா?

உண்டு, டைம் மாறும். நோன்பு இருக்கற பசங்கள காலையில ஓட விட மாட்டோம், ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு லைட்டு வெளிச்சத்துல அஞ்சு அஞ்சு பேரா ஆடுவோம். சாயங்கால மேட்ச்சுன்னா நோன்பு தொறக்கற நேரத்துல பந்த வெளிய தட்டிட்டு நிறுத்திடுவோம், பேரீச்சம்பழம், தண்ணி, ரெண்டு நிமிஷம். இது நாங்க ரொம்ப வருஷமா பண்றது. 2021ல இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் மேட்ச்ல இதே மாதிரி நிறுத்தினாங்கன்னு பெருசா நியூஸ் வந்துச்சு, அத பாத்துட்டு எங்க சென்டர் ஃபார்வர்ட் அண்ணன் "இன்னா நைனா, இப்பத்தான் கத்துக்கினாங்களா"ன்னு சிரிச்சாரு. மேட்ச் முடிஞ்சா நோன்பு கஞ்சி, தூக்குல வரும், எல்லாருக்கும் உண்டு. கஞ்சிக்குன்னே வந்து சேந்த பிளேயருங்க இருக்காங்க, பேர் சொல்லல.

காணும் பொங்கல் மேட்ச்னு ஒண்ணு சொல்றாங்களே?

கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம். அவ்ளோதான் ரூலு. ஆஃப்சைட் (எதிர் டீம் பின்வரிசைய தாண்டி முன்னாடியே நின்னு பந்து வாங்கக் கூடாதுங்கற ரூலு) கிடையாது, ஏன்னா கல்யாணம் ஆனவங்களால திரும்பி ஓட முடியாது. ஆட்டம் எப்பவும் சின்னப் பசங்க பக்கம்தான் சாயும்னு நினைப்பீங்க, ஆனா ரெஃப்ரி எங்க மாமா, அவருக்கு கல்யாணம் ஆகி நாப்பது வருஷம். நிச்சயம் ஆயி கல்யாணம் ஆகாதவன் எந்த பக்கம்னு வருஷா வருஷம் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும், போன வருஷம் அப்டி ஒருத்தன ஃபர்ஸ்ட் ஹாஃப் அங்கயும் செகண்ட் ஹாஃப் இங்கயும் ஆட விட்டோம், ரெண்டு பக்கமும் கோல் போட்டான், படவா.

தோத்த டீம் பிரியாணி போடணும். ஆம்பூர் ஸ்டைலு, சீரக சம்பா அரிசி, தொட்டுக்க கத்திரிக்கா. கத்திரிக்கா நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காதான், 2023ல புவிசார் குறியீடு வாங்கினது, காம்புல முள்ளு குத்தும், நறுக்கறவன் திட்டினே நறுக்குவான். ஆம்பூரா வாணியம்பாடியான்னு பிரியாணி சண்டைய மட்டும் கிரவுண்டுக்குள்ள ஆரம்பிக்காதீங்க, ஃபவுலுக்கு கூட இவ்ளோ கை நீண்டது இல்ல. கப் அடிச்சா ஆற்காடு மக்கன் பேடா. கப் அடிச்சு கொஞ்ச நாள் ஆவுது.

நம்மளோட எதிரி டீம் யாரு?

பாலத்துக்கு அந்தாண்ட, காட்பாடி பக்கம். எதிரின்னு சொல்லினு இருக்கோம், ஆனா அவங்க கேப்டனோட தங்கச்சியத்தான் எங்க ஸ்டாப்பர் கட்டினு இருக்கான். அந்த மேட்ச்சுக்கு மட்டும் அவன் கொஞ்சம் மெதுவா டேக்கிள் பண்றான்னு பேச்சு. எனக்கும் அப்டித்தான் தோணுது.

பெரியவங்க காலத்துல டிரா ஆனா காசு சுண்டிதான் பாப்பாங்க. இது சின்ன ஊரு பழக்கம் இல்ல, 1968ல யூரோ கப் செமி ஃபைனல்லயே இத்தாலி டாஸ்லதான் சோவியத் யூனியன ஜெயிச்சாங்க. பெனால்டி அடிச்சு முடிவு பண்ற முறை 1970லதான் ரூல் புக்குக்குள்ள வந்துச்சு. நம்ம ஆளுங்க அதுக்கு அப்புறமும் ரொம்ப நாளு டாஸ்தான் போட்டுனு இருந்தாங்களாம், இருட்டிடும், பந்து தெரியாதுன்னு. ஒருவாட்டி காசு பாலாத்து மணல்ல விழுந்து செங்குத்தா நின்னுடுச்சாம். இத சொன்னவரு அந்தாண்ட டீம் பெரியவரு, அதனால ஓரளவுக்கு நம்பலாம்.

பாலாத்துலயா ஆடினாங்க?

ஆமாங்க, தண்ணி இல்லாத ஆறுன்னு ஊரே பேரு வாங்குச்சே, அதுல ஃபுட்பாலாச்சும் ஆடுவோமேன்னுதான். மணல் நெறைய இருந்த காலத்துல அதுல ஓடி பழகினவன் கெட்டி தரையில பறப்பான், காலு அப்டி ஆயிடும். இப்ப மணலும் இல்ல, குழியும் முள்ளும்தான். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்துச்சே, அப்ப நாங்க எல்லாரும் பாலத்து மேல நின்னு பாத்தோம், எங்க பக்கத்துல நின்ன ஒரு தாத்தா நாங்க கோல் போஸ்ட்டு நட்டு வெச்சிருந்த எடத்த கையால காமிச்சு காமிச்சு எல்லாருக்கும் சொல்லினு இருந்தாரு. தண்ணியோட சந்தோஷம் ஒரு பக்கம், ரெண்டு சவுக்கு கட்ட போன வருத்தம் ஒரு பக்கம்.

கோடு போடறது, போஸ்ட்டு நடறது யாரு வேல?

புதுசா வந்தவங்க வேல. ஜாதி, மதம், படிப்பு, அப்பா இன்னா உத்தியோகம், எதுவும் பாக்க மாட்டோம், மூணு மாசம் நெட்டு மூட்டைய நீங்கதான் தூக்கணும். கோல் அகலம் 24 அடி, உசரம் 8 அடி, மீட்டர்ல 7.32க்கு 2.44. அதுக்கு முடிச்சு போட்ட கயிறு இருக்கு, அந்த கயிற துணி காயப் போட எடுத்துனு போகாதீங்க, ஒருவாட்டி போயி திரும்பி வரும்போது முடிச்ச அவுத்துட்டாங்க, அந்த வாரம் முழுக்க கோல் ரெண்டடி பெருசா இருந்துச்சு, ஒரு கீப்பர் மனசு ஒடிஞ்சே போயிட்டான்.

சுண்ணாம்புல கோடு போட மாட்டோம். வியர்வையோட கண்ணுல பட்டா எரியும், தோலு பொத்துடும். வெள்ளக்கல்லு மாவு, கோலமாவு விக்கறவங்ககிட்ட மூட்டையா வாங்கறோம், டின்னு அடியில ஆணியால ஓட்ட போட்டு தட்டினே நடந்தா போதும். நேரா வரதுக்கு பழக்கம் வேணும். பொண்ணுங்க டீம்ல ஒரு பாப்பா சென்டர் சர்க்கிள் போடறா பாருங்க, மார்கழி மாச கைப்பழக்கம், கயிறே இல்லாம வட்டம் வருது.

பொண்ணுங்க சேரலாமா?

மேல சொன்னேனே, சேந்துட்டாங்க. ஆரம்பத்துல நாங்களும் ஒழுங்கா நடந்துக்கல, கிரவுண்டுல மூலையில ஒரு கால்வாசி எடத்த ஒதுக்கி குடுத்துட்டு பெரிய மனசு பண்ண மாதிரி நடந்துக்கினோம். துணி மாத்த எடம் இல்லன்னு ஒரு பொண்ணோட அக்கா வந்து சண்ட போட்டதுக்கு அப்புறந்தான் சைக்கிள் கடை பின்பக்கத்துக்கு தாப்பா வெச்சோம். மதுரை சேது எஃப்சி 2019ல பொண்ணுங்களோட தேசிய லீக்ல கப் அடிச்சது, கடலூர் பொண்ணு இந்துமதி இந்தியாவுக்கே ஆடியிருக்காங்க. நம்ம பக்கமும் ஆள் வரும். திங்க, புதன், வெள்ளி முழு கிரவுண்டும் அவங்களுதுதான், அன்னிக்கு ஆம்பள பசங்க வந்து "கொஞ்சம் தள்ளி ஆடிக்கறோம்"னு நின்னா விசில் எடுத்துடுவேன்.

ரெஜிஸ்டர் பண்ண கிளப்பா?

பண்ணியிருக்கு, 1975ல வந்த தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு கீழ. சங்கம் ஆரம்பிக்க கொறஞ்சது ஏழு பேர் வேணும். ஒரு மேட்ச் ஆரம்பிக்கவும் ஒரு பக்கத்துக்கு கொறஞ்சது ஏழு பேர் வேணும், அதுக்கு கீழ போனா ஆட்டமே கிடையாது. எந்த புண்ணியவான் ரெண்டுத்துக்கும் ஒரே நம்பர் வெச்சானோ, எங்களுக்கு வசதி. ஒரு காலத்துல கிளப்பே அந்த ஏழு பேராத்தான் இருந்துச்சு, ஏழாவது ஆளு பெரியப்பா, வயசு அறுபத தாண்டி கீப்பர் கிளவுஸ் மாட்டினு நின்னாரு, பேக் பாஸ் ரூல திட்டினே. இப்ப மேட்ச் ஆடணும்னா பிளேயர் பதிவெல்லாம் ஃபெடரேஷனோட ஆன்லைன் சிஸ்டத்துல போடணும், ஆதார், ஃபோட்டோ, பொறந்த சர்ட்டிபிகேட் எடுத்து வெச்சுக்குங்க. வயச கொறச்சு போட சொல்லி என்கிட்ட வராதீங்க.

வெயில்ல புள்ளைங்கள எப்டி அனுப்பறது?

வெயில்ல அனுப்பாதீங்க. வேலூர் வெயில் உங்களுக்கு நான் சொல்லணுமா, மே மாசம் 40 டிகிரிய தாண்டும், அக்னி நட்சத்திரத்துல கிரவுண்டு தரையில கை வெக்க முடியாது. அதனால காலையில 5.30ல இருந்து 7, அதோட முடிச்சிடுவோம். ஏழுக்கு மேல ஒரு பந்து உருளாது, வேர்ல்ட் கப்பே நடந்தாலும். முடிஞ்சதும் கேழ்வரகு கூழு, மோர் ஊத்தி, சின்ன வெங்காயம், ஊறுகா. எனர்ஜி டிரிங்க் பாட்டில் கொண்டாந்த பையன் ஒருத்தன் ரெண்டாவது நாளே கூழ் சொம்ப நீட்டினான்.

சரி, நாளைக்கே வரலாமா?

வாங்க. 5.30ன்னா 5.20க்கு நிக்கணும். மொதல்ல வரவனுக்குத்தான் சைக்கிள் கடை சாவி, அவன்தான் அன்னிக்கு எல்லா பந்துக்கும் காத்து அடிக்கணும், அது கேப்டனா இருந்தாலும் சரி, நேத்து சேந்த ஆறாங்கிளாஸா இருந்தாலும் சரி. தண்ணி பாட்டில் ஒண்ணு, துண்டு ஒண்ணு, நகத்த வெட்டினு வாங்க. ஊசிய ஈரம் பண்ணாம வால்வுல குத்தாதீங்க. ஊசி தீப்பெட்டிக்குள்ள இருக்கும், பொட்டி மேல சிவப்பு பேனாவுல "ஊசி"ன்னு எழுதியிருக்கும், பத்த வெக்க எடுத்துனு போயிடறானுங்க.